மஞ்சள் சீட்டுக்கு ஓட்டுக் கேட்டுப் போகிறவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாவட்டக் கவுன்சிலர் தேர்தலுக்கென்று தனியாக ஒரு கேள்வி பதில் எதற்கு? ஓட்டுக் கேட்பது எல்லாத் தேர்தலுக்கும் ஒன்றுதானே?

ஒன்று இல்லை. எம்.எல்.ஏ.வுக்கு நிற்பவரின் முகம் சுவரொட்டியிலேயே பழகிவிடும். ஊராட்சித் தலைவருக்கு நிற்பவர் எதிர்வீட்டுப் பங்காளியாக இருப்பார். மாவட்ட ஊராட்சி வார்டு உறுப்பினருக்கு, அதாவது மாவட்டக் கவுன்சிலருக்கு, நிற்பவர் இந்த இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொள்கிறார். ஆளையும் தெரியாது, பதவியையும் தெரியாது. கிராமத்து வாக்காளர் கையில் நான்கு ஓட்டு இருக்கிறது: ஊராட்சி வார்டு, தலைவர், ஒன்றியக் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலர். இதில் நான்காவது, அந்த மஞ்சள் சீட்டு, எதற்கு என்று கேட்டால் பாதிப் பேர் உதட்டைப் பிதுக்குவார்கள்.

2019 டிசம்பரில் 27 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது, தஞ்சாவூர் மாவட்டத்தில் ஒரு பெண் வேட்பாளருடன் நோட்டும் பேனாவுமாக நான் நடந்தேன். தையல் கடை வைத்திருந்தவர், ஒரு கட்சியின் சின்னத்தில் நின்றார், தோற்றார். அந்த 27 மாவட்டங்களில் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதி முடிந்ததிலிருந்து அடுத்த முறை நிற்க நினைப்பவர்கள் என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். தோற்றவர் பக்கத்து ஆள் சொல்லும் யோசனை என்பதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

ஒரு வார்டில் எத்தனை பேர்? எல்லோரையும் நேரில் பார்க்க முடியுமா?

முடியாது. மாவட்ட ஊராட்சி வார்டு என்பது ஏறக்குறைய 50,000 மக்கள்தொகைக்கு ஒன்று. வீட்டுக்கு நாலு பேர் என்று வைத்தால் 12,500 வீடு. 2019-இல் வேட்புமனு வாபஸ் வாங்கக் கடைசி நாள் டிசம்பர் 19. முதல் கட்ட வாக்குப்பதிவு 27. பிரசாரம் 25-ஆம் தேதி மாலை 5 மணிக்கு முடிந்துவிட்டது. சுயேச்சைகளுக்குச் சின்னம் கைக்கு வந்ததே 19-ஆம் தேதிதான். அதற்கப்புறம் ஆறு நாள்.

ஒரு வாசலுக்கு இரண்டு நிமிடம், ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் என்று நடையாய் நடந்தாலும் நாளுக்கு 300 வீடு. ஆறு நாளில் 1,800. ஏழு வீட்டில் ஒரு வீடு. இந்தக் கணக்கை முதல் நாள் இரவே போட்டுவிட்டால் வீண் அலைச்சல் குறையும். "எல்லா வீட்டுக்கும் போவோம்" என்று கிளம்புகிறவர்கள் மூன்றாம் நாள் குரல் போய், வேனில் நின்று கையெடுத்துக் கும்பிட மட்டுமே செய்வார்கள். கும்பிடுவது சந்திப்பு ஆகாது.

நாங்கள் செய்தது: மனுத் தாக்கலுக்கு ஒரு மாதம் முன்பே, கட்சி சீட்டு உறுதியாவதற்கும் முன்னால், ஊர் ஊராகப் போய் உட்கார்ந்தோம். ஓட்டுக் கேட்கவில்லை, வந்து போனோம். கல்யாணம், காதுகுத்து, துக்க வீடு. தேர்தல் சமயத்தில் அந்த வீட்டுக்காரர்களே, "அன்னைக்கி கருமாதிக்கு வந்துச்சே அந்தப் பொண்ணு" என்று பக்கத்து வீட்டுக்குச் சொன்னார்கள்.

எந்த நேரத்தில் போவது?

ஊருக்கு ஊர் மாறும். எங்கள் பக்கம் நடவு, களை என்று வயலுக்குப் போகும் பெண்கள் காலை ஏழரைக்கெல்லாம் கிளம்பிவிடுவார்கள். மார்கழியில் அவர்கள் வாசலில் கோலம் போடும் நேரமே நல்ல நேரம். கோலத்தை மிதித்துக்கொண்டு உள்ளே போகாமல் இருந்தால் போதும்! (கூட வந்த ஒருவர் மிதித்தார். அந்தத் தெருவில் நாங்கள் பேசிய எதுவும் எடுபடவில்லை.)

பத்து மணிக்கு மேல் தெருவில் வயதானவர்கள்தான் இருப்பார்கள். அவர்களைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். வீட்டில் யார் யாருக்கு ஓட்டு எந்தப் பக்கம் என்பது திண்ணையில் இருக்கும் அப்பாயிக்குத் தெரியும். நடுப்பகலில் வேட்பாளர்கள் நூறு நாள் வேலை நடக்கும் இடத்துக்குப் போவார்கள். ஒரே இடத்தில் நூறு பேர் கிடைப்பார்கள், உண்மைதான். ஆனால் வேலை நேரத்தைக் கெடுத்து, பணித்தளப் பொறுப்பாளரைச் சங்கடத்தில் விடாதீர்கள். சாப்பாட்டு நேரத்தில் போய் ஐந்து நிமிடத்தில் திரும்புங்கள்.

மார்கழியில் இன்னொன்று: தெருவுக்கு நாலு பேர் மாலை போட்டிருப்பார்கள். அவர்களை அண்ணே, தம்பி என்று கூப்பிடாமல் "சாமி" என்று கூப்பிட வேண்டும். எங்கள் வேட்பாளர் வயதில் சின்னவர்களையும் "சாமி, உங்க ஓட்டு" என்று கேட்டார். அது இயல்பாகவே எடுபட்டது.

வாசலில் முதலில் என்ன சொல்வது?

பெயர், ஊர், சீட்டின் நிறம். ஊரகத் தேர்தல் ஓட்டுச்சீட்டில் நடக்கிறது. தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள். ஊராட்சி வார்டு சீட்டு வெள்ளை. ஒரே சாவடியில் இரண்டு வார்டு வந்தால் இன்னொன்று நீலம். வாக்குச்சாவடிக்குள் ஒருவர் கையில் ஒரே சமயத்தில் நான்கு தாளைக் கொடுக்கிறார்கள். பின்னால் வரிசை நிற்கிறது. வயதானவர்கள் தலைவர் சீட்டில் கவனமாக முத்திரை குத்திவிட்டு மற்றதை அப்படியே மடித்துப் பெட்டியில் போடுவது சாதாரணம்.

அதனால் எங்கள் முதல் வரி, "ஆத்தா, நான் மஞ்ச சீட்டுக்கு நிக்கிறேன்" என்பதுதான். கட்சிக்காரர்களுக்கு இது பிடிக்கவில்லை. கட்சித் தலைவர் பெயரை முதலில் சொல்ல வேண்டும் என்றார்கள். நோட்டீஸில் தலைவர் படம் இருக்கிறதே, அது போதும் என்று சமாளித்தோம்.

சாக்கடை, தெருவிளக்கு, குடிதண்ணீர் என்று கேட்கிறார்கள். மாவட்டக் கவுன்சிலர் அதைச் செய்ய முடியுமா?

இங்கேதான் ஆள் தெரியும். பத்துப் பேரில் ஒன்பது பேர் "செஞ்சிடலாம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த வாசலுக்கு நகர்வார்கள். செய்ய முடியாது என்பது சொல்கிறவருக்கும் தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும்.

தெருவிளக்கு, குழாய்த் தண்ணீர், சாக்கடை, ஊருக்குள் இருக்கும் தெருச் சாலை எல்லாம் கிராம ஊராட்சியின் பொறுப்பு. ஊரையும் ஊரையும் இணைக்கும் ஒன்றியச் சாலை, ஒன்றியத் தொடக்கப் பள்ளிக் கட்டடம் ஆகியவை ஊராட்சி ஒன்றியம். பெரிய சாலை நெடுஞ்சாலைத் துறை. முதியோர் உதவித்தொகைக்கும் ரேஷன் கார்டுக்கும் தாலுகா அலுவலகம். மாவட்ட ஊராட்சிக்கு வரும் பணம், கிராம ஊராட்சி, ஒன்றியம், மாவட்டம் என்று மூன்றடுக்குக்கும் பிரியும் நிதிக்குழு மானியத்தில் நூற்றுக்குப் பத்து ரூபாய்கூட இல்லை. அதிலிருந்து பாலம், பயணிகள் நிழற்கூடம், சிமெண்ட் சாலை, கட்டடம் என்று ஒரு வார்டுக்குச் சில பணிகள் கிடைக்கும். அப்புறம் மாவட்டத் திட்டக் குழு இருக்கிறது. அதன் தலைவர் மாவட்ட ஊராட்சித் தலைவர். ஆட்சியர் அங்கே துணைத் தலைவர்தான். சட்டப் புத்தகத்தில் பார்த்தால் பெரிய நாற்காலி. நடப்பில் எவ்வளவு எடை என்பது உட்காருகிறவரைப் பொறுத்தது.

இதையெல்லாம் வாசலில் பாடம் எடுக்க முடியாது. எங்கள் வேட்பாளர் இரண்டே வரி வைத்திருந்தார்: "அது தலைவர் வேலைக்கா, நான் செய்றேன்னு சொன்னா பொய். ஆனா எழுதிக்கிறேன், யார்ட்ட போவணும்னு சொல்றேன்." முதல் நாள் இப்படிச் சொன்னபோது நான் பயந்தேன். முடியாது என்று சொல்லிக்கொண்டு ஓட்டுக் கேட்பதா? ஆனால் முடியாது என்று கேட்ட வீடுகளில்தான் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். "இதையாவது சொல்றியே" என்று ஒரு பெரியவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

இதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். வீட்டு வாசலில் ஒரு வேட்பாளர் செய்யக்கூடிய ஒரே உருப்படியான காரியம், தன்னால் எது ஆகாது என்று சொல்வது. மற்றதெல்லாம் நோட்டீஸிலேயே இருக்கிறது.

கோபமாகத் திட்டினால்?

நின்று கேளுங்கள். நாங்கள் போனது கஜா புயல் அடித்து ஓராண்டு கழித்து. 2018 நவம்பர் 16 விடியற்காலை வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்த புயல், பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு வரை தென்னந்தோப்புகளைச் சாய்த்துவிட்டது. ஒரு தென்னை நன்றாகக் காய்க்க ஏழெட்டு வருடம் ஆகும். தோப்பை இழந்தவரிடம் போய் இரண்டு நிமிடத்தில் ஓட்டுக் கேட்டால் என்ன கிடைக்கும்? "மரம் விழுந்தப்ப எங்க போனீங்க?" என்றுதான் கேட்டார்கள். அந்தக் கேள்வி எங்கள் வேட்பாளருக்கு உரியதே இல்லை. ஆனாலும் வாசலில் நிற்கிறவர்தானே பதில் சொல்ல வேண்டும்.

விளக்கம் சொல்லப் போனால் பேச்சு வளரும். கட்சிக்காரர் ஒருவர் நிவாரணத் தொகைக் கணக்கைச் சொல்ல ஆரம்பித்து, வாங்கிக்கட்டிக்கொண்டார். நாங்கள் பிறகு ஒரு வழி கண்டுபிடித்தோம்: எத்தனை மரம் போச்சு என்று கேட்பது. அதற்கு எல்லோரிடமும் சரியான எண்ணிக்கை இருந்தது. எண்ணிச் சொல்லி முடிக்கும்போது கோபம் தணிந்திருக்கும். இதைத் தந்திரமாகச் செய்தால் முகத்திலேயே தெரிந்துவிடும், எச்சரிக்கை.

தலைவருக்கு நிற்பவர்களோடு சேர்ந்து போகலாமா?

இந்தத் தேர்தலின் பெரிய குழி இது. தலைவர் தேர்தல் கட்சிச் சின்னத்தில் நடப்பதில்லை. ஒரே கட்சியில் இருக்கும் இரண்டு பேர், சில ஊரில் மூன்று பேர், பூட்டு சாவியும் ஆட்டோவுமாக ஒருவரை ஒருவர் எதிர்த்து நிற்பார்கள். மாவட்ட வார்டுக்குள் இருபது முப்பது ஊராட்சி வரும். ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவர், "வாங்கக்கா, நம்ம ஊர்ல நான் கூட்டிட்டுப் போறேன்" என்று கூப்பிடுவார். நல்ல மனதோடுதான் கூப்பிடுகிறார். ஆனால் அவரோடு தெருவில் இறங்கிய நிமிடமே அவருடைய எதிரிகள் வீட்டு ஓட்டெல்லாம் போய்விடும். உங்களுக்குத் தெரியாத பத்து வருட வரப்புச் சண்டைக்குள் நீங்கள் ஒரு கட்சி ஆகிவிடுவீர்கள்.

எங்களுக்கு நடந்ததே அது. ஓர் ஊரில் கோயில் வாசலில் ஒரு தலைவர் வேட்பாளர் சால்வை போட்டார், போட்டோ எடுத்தார்கள். மறுநாள் அந்தப் போட்டோ அவருடைய நோட்டீஸில் இருந்தது. எதிர்த்து நின்றவரும் எங்கள் கட்சிதான். அந்த ஊரின் கிழக்குத் தெரு முழுக்க எங்களுக்குக் கதவு திறக்கவில்லை.

ஊரைத் தெரிந்த, எந்தப் பதவிக்கும் நிற்காத ஒருவரைக் கூட்டிப் போங்கள். ஊர்ப் பெண்கள் சுயஉதவிக் குழுவில் இருப்பவர் என்றால் இன்னும் நல்லது. அவருக்கு வீடும் தெரியும், வீட்டுக்காரியும் தெரியும்.

காலனித் தெருவுக்கு எப்போது போவது?

இதை ஏன் தனியாகக் கேட்கிறார்கள் என்பதே விஷயம். வழக்கம் என்னவென்றால், ஊர்த் தெருவெல்லாம் முடித்து, இருட்டிய பிறகு, ஆதிதிராவிடர் குடியிருப்பின் நுழைவிலேயே வேனை நிறுத்தி, மைக்கில் பேசிவிட்டுத் திரும்புவது. அங்கே இருப்பவர்களுக்கு இந்த வழக்கம் மனப்பாடம். எத்தனை மணிக்கு வந்தார், உள்ளே எத்தனை வீடு நடந்தார், தண்ணீர் கொடுத்தால் குடித்தாரா, பாட்டிலை எடுத்தாரா என்று பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

காலையில் போங்கள். முதல் தெருவாகவே போங்கள். உட்காருங்கள், கொடுத்ததைக் குடியுங்கள். ஊரில் சிலருக்கு உறுத்தும், ஓட்டு கொஞ்சம் போகவும் போகும். எங்களுக்கும் போனது என்றே நினைக்கிறேன். போகட்டும்.

ஆரத்தித் தட்டில் காசு போடலாமா?

போடக் கூடாது. போட்டால் அது லஞ்சம்தான், குங்குமம் வைத்த தட்டு என்பதால் வேறு பெயர் ஆகிவிடாது. நடைமுறையில் எல்லோரும் போடுகிறார்கள் என்பதும் உண்மை. சில ஊரில் வேட்பாளர் வண்டி வருகிறது என்றதும் பத்துத் தட்டு வரிசையாக நிற்கும், எல்லாம் ஏற்பாடு. முன்னாலேயே ஊருக்குப் போன் செய்து ஆரத்தி வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். கேட்காமல் எடுத்தவர்களிடம் எங்கள் வேட்பாளர் தட்டை வாங்கித் தானே அவர்களுக்குப் பொட்டு வைத்துவிட்டார். சிரித்துவிட்டார்கள். எல்லா இடத்திலும் சிரிக்கவில்லை, "கஞ்சம்" என்ற பெயரும் வந்தது.

பெண் வேட்பாளர் என்றால் கணவர் பேசலாமா?

தமிழ்நாட்டு உள்ளாட்சியில் 2016 முதல் பாதி இடம் பெண்களுக்கு. ஆனாலும் பல நோட்டீஸில் மனைவி பெயருக்குப் பக்கத்தில் கணவர் படம் பெரிதாக இருக்கும். கேட்டால், "அது கூச்சப்படும்" என்பார்கள். தெருமுனைக் கூட்டத்தில் கூச்சம் இருக்கலாம். வாசலில் பெண்ணிடம் பெண் பேசுவதற்கு என்ன கூச்சம்? கணவர் இரண்டு வீடு தள்ளி ஆண்களோடு நின்று பேசட்டும். எங்கள் வேட்பாளரின் வீட்டுக்காரருக்கு டீக்கடைகளை ஒதுக்கிவிட்டோம். அவருக்கும் அது பிடித்திருந்தது.

எத்தனை பேர் கூடப் போக வேண்டும்?

நாலு பேர். ஐம்பது பேர் போனால் தெரு நிறையும், ஆனால் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். பத்துப் பேருக்கு மேல் போன நாட்களில் என் நோட்டில் ஒரு வரிகூட இல்லை.

கோயில், சர்ச், பள்ளிவாசல்?

சாமி கும்பிடப் போகலாம். அங்கே ஓட்டுக் கேட்கக் கூடாது, நோட்டீஸ் கொடுக்கக் கூடாது. 2019-இல் முதல் கட்டப் பிரசாரத்தின் கடைசி நாளே கிறிஸ்துமஸ். பூசை முடிந்து வருகிறவர்களைச் சர்ச் வாசலில் பிடிக்கலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். வேண்டாம் என்றோம், மதியம் வீடுகளுக்குப் போனோம். எல்லா வீட்டிலும் கேக் கொடுத்தார்கள். அன்று இரவு யாரும் சாப்பிடவில்லை.

செலவுக் கணக்கு?

2019-இல் மாவட்ட வார்டு வேட்பாளருக்கு உச்சவரம்பு 1,70,000 ரூபாய். ஒன்றியத்துக்கு 85,000, தலைவருக்கு 34,000. வைப்புத்தொகை 1,000, ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினருக்கு 500. அடுத்த தேர்தலுக்கான தொகையை மாநிலத் தேர்தல் ஆணையத்தின் அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளாட்சியை நடத்துவது அந்த ஆணையம், டெல்லியில் இருக்கும் ஆணையம் அல்ல. புகார் கொடுக்கும்போது பலர் இதில் குழம்புகிறார்கள். முடிவு வந்து 30 நாளுக்குள் கணக்குக் கொடுக்க வேண்டும். தோற்றவரும் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அடுத்த முறை நிற்க முடியாமல் போகலாம். டீ, பெட்ரோல், பிட் நோட்டீஸ் எல்லாவற்றுக்கும் பில் வாங்குங்கள்.

எல்லோருமே "உங்களுக்குத்தான் ஓட்டு" என்கிறார்களே, எதை நம்புவது?

எதையும் நம்பாதீர்கள். வீடு தேடி வந்தவரை எதற்கு முறிக்க வேண்டும் என்று சொல்லும் மரியாதை அது. பின்னால் வரும் அடுத்த வேட்பாளருக்கும் அதே பதில்தான். எனக்குத் தெரிந்த ஓர் அடையாளம்: "போட்டுடலாம் போங்க" என்று அனுப்பினால் இல்லை என்று அர்த்தம். "போன தடவை வந்தவரு என்ன பண்ணாரு தெரியுமா" என்று ஆரம்பித்தால் இன்னும் முடிவு செய்யவில்லை. அங்கே கூடுதலாக ஐந்து நிமிடம் நில்லுங்கள். "எங்கத் தெருவுல யார் யாரைப் பாத்தீங்க" என்று கேட்டால் அவர் உங்கள் ஆள்.

பிரசாரம் முடிந்த பிறகு என்ன செய்வது?

தூங்குங்கள். 2019 டிசம்பர் 26, அதாவது முதல் கட்ட வாக்குப்பதிவுக்கு முந்தின நாள் காலை, வளைய சூரிய கிரகணம். புதுக்கோட்டை, திருச்சிப் பக்கம் சூரியன் நடுவில் மறைந்து வளையமாகவே தெரிந்தது. ஊரில் எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார்கள். யாரும் வெளியே போய் ஓட்டுக் கேட்டிருக்கவும் முடியாது. நாங்கள் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு எழுதியதைத் துறைவாரியாகப் பிரித்தோம். தாலுகா அலுவலகத்துக்கு உரியவைதான் அதிகம், அதிலும் முதியோர் பணம்.

தோற்றுவிட்டால் அந்த நோட்டை என்ன செய்வது?

2020 ஜனவரி 2-ஆம் தேதி எண்ணினார்கள். தலைவர் சீட்டு, வார்டு சீட்டு என்று எல்லாம் பிரித்து எண்ணி, மஞ்சள் சீட்டின் முடிவு வர மறுநாள் ஆகிவிட்டது. பொங்கலுக்கு முன்னால் எங்கள் வேட்பாளர், ஜெயித்தவர் வீட்டுக்கு நோட்டோடு போனார். நான் வரவில்லை என்றேன், இழுத்துக்கொண்டு போனார். அந்த அம்மா காபி கொடுத்து, நோட்டைப் புரட்டிப் பார்த்து, மகனை அனுப்பி முழுவதையும் ஜெராக்ஸ் எடுத்துவரச் சொன்னார். ஒரிஜினலைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். முதியோர் பணம் கேட்டவர்களின் மனுக்களை எழுதி, தாலுகா அலுவலகத்துக்கு நடக்கும் வேலை மட்டும் எங்களிடமே இருந்தது. கொரோனா வந்து பஸ் நிற்கிற வரைக்கும் நடந்தோம்.